கடைத்தெருவை மாற்றும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

கடைத்தெருவைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற சேதி பெரும்பாலான ஊர்களில் மக்களுக்கு எட்டுவது ஜேசிபி வந்து நிற்கும் நாளில்தான். அதற்குள் எஸ்டிமேட் போட்டாயிற்று, டெண்டர் விட்டாயிற்று, வேலை உத்தரவும் கொடுத்தாயிற்று. அன்றைக்குப் போய், "எங்களுக்கு டைல்ஸைவிட நிழலும் ஒரு கழிப்பறையும்தான் அவசரம்" என்று சொன்னால், கேட்கிற பொறியாளர் நல்ல மனுஷராகவே இருந்தாலும் அவர் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே மக்கள் கருத்து என்று பேசத் தொடங்கும்போதே நேரத்தைப் பார்க்க வேண்டும். வரைபடம் போடும் முன் கேட்பது ஒரு காரியம். போட்டு முடித்த பிறகு "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பது வேறு காரியம். முன்னதில், "நீங்கள் இங்கே என்ன செய்ய வருகிறீர்கள், எங்கே தடுமாறுகிறீர்கள்?" என்ற கேள்வி இருக்கிறது. பின்னதில் ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு மேல் இடமில்லை.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. நம் நடுத்தர ஊர்களின் நடுவிடம் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்ட், மணிக்கூண்டு, தேரடி, காய்கறி மார்க்கெட், இரண்டு மூன்று ஜவுளிக்கடைகள், எல்லாம் அரை கிலோமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே குடியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். புழங்குகிறவர்கள் பல மடங்கு. சுற்றுக் கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து உரக்கடைக்கும் நகைக்கடைக்கும் போகிறவர்கள், பள்ளி விட்டதும் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் பிள்ளைகள், விடியும் முன்பே லோடு இறக்குகிறவர்கள், இரவு பத்து மணிக்கு மிச்சப் பூவைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண்கள். இவர்களில் பாதிப் பேருக்கு அந்த வார்டில் ஓட்டு கிடையாது. அவர்கள் சார்பில் பேச ஒரு சங்கமும் இருக்காது. கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் என்று அறிவித்தால் வரவும் மாட்டார்கள், அது அவர்கள் வியாபார நேரம். ஆனால் அந்த இடம் எப்படி இருக்கிறதோ அதை வைத்தே அவர்கள் அன்றாடம் நடக்கிறது.

பாண்டி பஜாரில் நடந்தது

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அதன் முறையான பெயர் சவுந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனின் பெயர் அது. தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரிப் பரப்பைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்புதான். பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலை நோக்கிப் போகும் தியாகராய சாலையின் இருபுறமும் நாளடைவில் கடைகள் வந்தன. கடைகளுக்கு முன்னால் பிளாட்பாரத்தில் வளையலும் ஹேர்பின்னும் பிளாஸ்டிக் டப்பாவும் விற்பவர்கள் வந்தார்கள். பெரிய கடைக்குப் போகிறவரும் அவர்களிடம் ஏதாவது ஒன்று வாங்காமல் திரும்ப மாட்டார்.

2013இல் அந்தப் பிளாட்பாரக் கடைகளை அகற்றி, அவர்களுக்காகக் கட்டிய பல மாடி வளாகத்துக்கு அனுப்பினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். காரணம் யாருக்கும் புரியக்கூடியதுதான். பத்து ரூபாய் ஹேர்பின்னை வழியில் கண்ணில் பட்டால் வாங்குவோம். அதற்கென்று மாடியேற மாட்டோம். தெருவில் விற்பவருக்கு மூலதனமே நடந்துபோகிறவரின் பார்வை. கட்டடம் கட்டும் முன் அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும் விஷயம் இது.

2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் வாகனம் சாராத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்றது அது. மறு ஆண்டு ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 11 நகரங்கள் அதில் இடம்பெற்றன, சென்னையும் ஒன்று. அந்தப் பணத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் பாண்டி பஜார் அகன்ற நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது.

இதில் பாராட்ட வேண்டியதை முதலில் சொல்கிறேன். கல் பதிக்கும் முன் தற்காலிகத் தடுப்புகளை வைத்து முன்னோட்டம் பார்த்தார்கள். சாலை ஒடுங்கினால் வண்டிகள் எங்கே போகும், மக்கள் எங்கே நிற்பார்கள், கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்தது. வாகனத்தையே விடக்கூடாது என்ற யோசனையும் ஆரம்பத்தில் இருந்தது. கடைசியில் வாகனங்கள் போக ஓரளவு வழி விட்டு, நடைபாதையை வெகுவாக அகலப்படுத்தினார்கள். மரங்களைச் சுற்றி உட்கார இடம் கட்டினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம். தி.நகரில் காசு செலவழிக்காமல் உட்கார ஓர் இடம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

குறைகளும் உண்டு. அகலமான நடைபாதை கிடைத்ததும் டூ வீலர்கள் அதன்மேல் ஏறி நின்றன. அதைத் தடுக்கக் கல்தூண்கள் வந்தன. அகற்றப்பட்ட வியாபாரிகளின் கேள்விக்கு வரைபடத்தில் விடை இல்லாததால் நடைபாதையில் கடை போடுவதும் அகற்றுவதும் மறுபடியும் தொடர்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு ஒன்று. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஸ்மார்ட் சிட்டிப் பணமோ அதற்கென்று பதிவு செய்த தனி நிறுவனத்தின் வழியே செலவானது. இந்த வேலை திட்டமிடப்பட்டுக் கட்டித் திறக்கப்பட்டதில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான். அதிகாரிகள் கூட்டம் போட்டு மக்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டதைச் செய்யவில்லை என்றால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்கூட இல்லை. கருத்துக் கேட்பின் உயிர் அந்தப் பதில் சொல்லும் கடமையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆளுக்கொரு நியாயம்

எந்த ஊரில் கேட்டாலும் கடைத்தெருவைப் பற்றி ஏறத்தாழ இதே பேச்சுகள்தான் வரும். கடைக்காரர் பார்க்கிங் வேண்டும் என்பார். பக்கத்துத் தெருக்காரர் எங்கள் வாசலில் வண்டியை விடக்கூடாது என்பார். சங்கத்துக்காரர் ஆக்கிரமிப்பை அகற்று என்பார். ஆக்கிரமிப்பு என்று அவர் சொல்வது இன்னொருவருக்கு இருபது வருடப் பிழைப்பு. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறார்கள். திட்டம் போடுகிறவர் வேலை, எது கருத்து, எது அளந்து பார்க்கக்கூடிய விஷயம் என்று பிரித்து எடுப்பது.

பார்க்கிங்கை எடுத்துக்கொள்ளலாம். கடை வாசலில் வண்டி நிற்காவிட்டால் வாடிக்கையாளர் வர மாட்டார் என்பது உலகம் முழுக்கக் கடைக்காரர்களின் பயம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ராயட் என்ற கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் விட்டபோதும் இதே எதிர்ப்புதான் வந்தது. இன்று அது ஐரோப்பாவின் பெயர்பெற்ற கடைத்தெருக்களில் ஒன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் ஓர் ஆய்வு செய்தார்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டபோது 41 விழுக்காடு என்றார்கள். வாங்க வந்தவர்களையே கேட்டு எண்ணியபோது 22தான் தேறியது. பெரும்பாலானவர்கள் நடந்தும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்தவர்கள். காரில் வருகிறவர் கண்ணில் படுகிறார், நடந்து வருகிறவர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார் என்பதே இதற்குக் காரணம். பிரிஸ்டல் எண்ணிக்கை நம் ஊருக்குப் பொருந்த வேண்டியதில்லை. நம் ஊரில் டூ வீலர்தான் பிரதானம். ஆனால் எண்ணிப் பார்க்கும் முறை எங்கேயும் பொருந்தும். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை மாலை கடை வாசல்களில் நின்று, வருகிறவர்களிடம் "எதில் வந்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்தாலே போதும். அந்த ஒரு தாளோடு வணிகர் சங்கத்திடம் பேசினால் பேச்சே வேறு திசையில் போகும்.

பெஞ்சு போடுவதைப் பற்றியும் ஒரு சண்டை வரும். உட்கார இடம் போட்டால் குடிகாரர்கள் வந்து படுத்துவிடுவார்கள், ஆகவே வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயார்க்கின் சிறு பொதுவெளிகளை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து ஆராய்ந்தவர். 1980இல் வந்த அவர் புத்தகம் இதைத்தான் முக்கியமாகப் பேசியது. ஓர் இடத்துக்கு வேண்டாதவர்கள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மற்றவர்கள் வராததே. உட்கார வசதியும் வெளிச்சமும் தின்பண்டக் கடையும் இருந்து, பெண்களும் குழந்தைகளும் வரத் தொடங்கினால் இடத்தின் குணம் மாறும் என்றார். போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன பிரையன்ட் பார்க் அவர் சொன்ன வழியில் திருத்தப்பட்டு 1992இல் திரும்பத் திறந்தது. மறைப்பாக இருந்த வேலிகளை எடுத்தார்கள், நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளைப் போட்டார்கள். இன்று மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பூங்காக்களில் உயரமான சுவர் எழுப்பி ஒரே ஒரு கதவு வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாததுதான் அங்கே பெண்கள் போகாததற்குக் காரணம்.

கழிப்பறையை ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் கடைசியாகத்தான் சொல்வார்கள். சில கூட்டங்களில் சொல்லவே மாட்டார்கள். மார்க்கெட்டில் காலை நான்கு மணிக்கு வந்து மாலை வரை கீரை விற்கும் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன் என்பார். கூட்டத்தில் கையைத் தூக்கி இதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் கூட்டத்துக்கு வருவதும் இல்லை. கேட்கிறவர்தான் கூடைக்குப் பக்கத்தில் போய்க் குந்த வேண்டும்.

நடைபாதையின் அளவைப் பற்றி மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில கணக்குகள் உண்டு. கேட்கும்போது கையில் அளவு இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், பாதசாரிகளுக்கென்று 103 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது அது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும் அகலம் அது. கடைப் பகுதியில் 2.5 மீட்டர். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இதில் "தடையில்லாமல்" என்பதை விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். எஸ்டிமேட்டில் மூன்று மீட்டர் நடைபாதை என்று எழுதியிருப்பார்கள். கட்டி முடித்த பிறகு அதன் நடுவில் மின்வாரியப் பெட்டி நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், கடைக்காரர் படிக்கட்டு நீட்டியிருப்பார். நடக்க மிஞ்சுவது ஓர் ஆள் அகலம். வழிகாட்டி சொல்லும் முறையில் நடைபாதை மூன்று பட்டைகளாகப் பிரியும். கடையை ஒட்டி நின்று பார்க்க ஒரு பட்டை. நடுவில் நடக்க மட்டும் ஒரு பட்டை. சாலையை ஒட்டி மரம், விளக்குக் கம்பம், பெட்டி, பெஞ்சு, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் ஒரு பட்டை. தள்ளுவண்டிக்காரருக்கு மூன்றாவது பட்டையில் இடம் ஒதுக்கினால் அவரும் பிழைப்பார், நடக்கிறவரும் நடப்பார். வரைபடத்திலேயே அவருக்கு இடம் போட வேண்டும். போடாவிட்டால் அவர் நடுப்பட்டையில்தான் வந்து நிற்பார், வேறு எங்கே போவார்?

உயரம் ஏன் முக்கியம் என்றால், வண்டி ஏறாமல் இருக்கட்டும் என்று ஒன்றரை அடிக்கு நடைபாதையைத் தூக்கிவிடுகிறார்கள். வண்டி ஏறுவதில்லை, உண்மைதான். முழங்கால் வலிக்கிற பாட்டியும் ஏறுவதில்லை. அவர் சாலையில் இறங்கி பஸ்ஸுக்குப் பக்கத்தில் நடக்கிறார். ஒவ்வொரு கடை வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தால் இளைஞர்கூடச் சாலையில்தான் நடப்பார். நடைபாதை காலியாக இருக்கிறதே, மக்கள் பயன்படுத்துவதில்லையே என்று பிறகு அதையே ஒரு காரணமாகக் காட்டுவார்கள்.

நிழல் இன்னொன்று. கருங்கல் பெஞ்சில் ஏப்ரல் மாதம் மதியம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் பொதுவெளி என்பது பாதி நேரம் நிழல்தான். வேம்பு, புங்கை, பூவரசு இவற்றின் அடியில்தான் ஆட்டோ ஸ்டாண்டும் செருப்புத் தைப்பவரும் இளநீர் வண்டியும் ஒதுங்கியிருக்கின்றன. சீரமைப்பு என்ற பேரில் அந்த மரத்தை வெட்டி, பதிலுக்கு ஈச்சை வகைச் செடியைத் தொட்டியில் வைத்தால் அழகாகப் படம் பிடிக்கலாம், ஒதுங்கி நிற்க முடியாது. எந்த மரத்தடியில் எத்தனை பேர் எந்த நேரத்தில் நிற்கிறார்கள் என்பதே மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கருத்து. அதைக் குறித்துக்கொள்ளப் படிவம்கூடத் தேவையில்லை.

சட்டம் போட்டு வைத்திருக்கும் நாற்காலிகள்

கேட்டால் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கடமையைச் சட்டமே சில இடங்களில் எழுதியிருக்கிறது.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல் வந்தன. கிராமசபையைப் போல நகரத்திலும் ஒரு சபை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் உறுப்பினராகக் கொண்டது ஏரியா சபை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு. சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்கு 10 பகுதிகள். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தன்று இந்தக் கூட்டங்கள் மாநிலம் முழுக்க நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. கவுன்சிலருக்கு வேண்டப்பட்டவர்களே அமர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். கடைத்தெருவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது பெரும்பாலும் நான்கைந்து வார்டுகள் சந்திக்கும் இடம். தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொன்று. ஆகவே ஊர் நடுவிடம் பற்றிய கருத்தைக் கேட்க, அந்த வார்டுகளின் குழுக்கள் சேர்ந்து உட்கார வேண்டும். இதை மேயரோ நகராட்சித் தலைவரோ நினைத்தால் செய்யலாம். மக்கள் கேட்டால் நினைப்பார்கள்.

தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் வலுவான இடத்தைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும்கூட அதில் இடம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கடைத்தெருச் சீரமைப்பு வரைபடம் இந்தக் குழுவின் மேசைக்கு வந்து போனதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பாண்டி பஜாரில் 2013இல் நடந்த இடமாற்றத்தின்போது இந்தச் சட்டமே வந்திருக்கவில்லை. இப்போது அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

பூங்கா இடங்களைப் பற்றியும் ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர் நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும். பல ஊர்களில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதே குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. முள்வேலிக்குள் குப்பைமேடாகக் கிடக்கும் அல்லது யாராவது கட்டடம் எழுப்பியிருப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதிவாசிகள் நீதிமன்றம் போனார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று அதற்குப் பெயர். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. திறந்தவெளியைக் காக்கக் கேட்கும் உரிமை அந்தப் பகுதியில் வசிக்கிறவர்களுக்கு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

எப்படிக் கேட்பது

மண்டபத்தில் கூட்டம் போட்டால் பேசத் தெரிந்தவர்கள் பேசுவார்கள். இணையத்தில் கேட்டால் போன் வைத்திருப்பவர்களில் நேரமும் இருப்பவர்கள் எழுதுவார்கள். இரண்டும் தேவைதான், இரண்டோடு நின்றுவிடக் கூடாது. கமிஷனரும் பொறியாளரும் கவுன்சிலர்களும், சக்கர நாற்காலியில் ஒருவர், பார்வையற்ற ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பூக்காரர், ஓர் ஆட்டோக்காரர் இவர்களோடு அந்த அரை கிலோமீட்டரை ஒருமுறை நடந்தால் கூட்டத்தில் சொல்ல வராதது எல்லாம் தானாகத் தெரியவரும். காலையில் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம். மழை பெய்த மறுநாள் நடந்தால் இன்னும் நல்லது. எந்த முனையில் தண்ணீர் நிற்கிறது என்பதை எந்தப் படிவமும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

அடுத்து முன்னோட்டம். கோடிக்கணக்கில் செலவழிக்கும் முன் சில ஆயிரம் ரூபாய்த் தடுப்புகளை வைத்து ஒரு மாதம் பார்க்கலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம். தினமும் மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்து மறுநாள் காலை 7.30 வரை வாகனத்தை விடுவதில்லை. கல்லை மாற்றவில்லை, நேரத்தை மட்டும் பங்கிட்டார்கள். குழந்தைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், வயதானவர்கள் கைகோத்து நடக்கிறார்கள். எந்த ஊரும் தன் ரத வீதியில் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் இதைச் செய்து பார்க்க முடியும். திருவிழா நாளில் தேர் ஓடும் வீதியில் வண்டியை நிறுத்தத் தெரிந்த ஊர்கள்தானே இவை.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவை 2017 டிசம்பரில் சீரமைத்துத் திறந்து, வாகனங்களை விடுவதில்லை என்று முடிவெடுத்தபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். டெல்லி சாந்தினி சவுக்கில் 2021லிருந்து காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனம் கூடாது. இரண்டு இடங்களிலும் சரக்கு எப்போது இறக்குவது, நடக்க முடியாதவர் எப்படி உள்ளே வருவது என்பவை முன்கூட்டியே தீர்க்க வேண்டிய கேள்விகளாக இருந்தன. எதிர்ப்பு வரும்போது அதற்குள் இருக்கும் நடைமுறைக் கேள்வியைத் தேடி எடுப்பது நல்லது. சரக்கு நேரத்தைச் சரியாக வகுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பராமரிப்பையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் போட்டால் மீதியை அரசு போட்டுப் பூங்கா, விளக்கு போன்றவற்றைச் செய்து தருகிறது. நல்ல திட்டம், பல தெருக்கள் பலன் பெற்றிருக்கின்றன. பணம் போடக்கூடிய தெருவுக்குத்தான் பூங்கா என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மன்றத்துக்கு உண்டு. கட்டுவதற்குப் பணம் கிடைத்தாலும் உடைந்த கல்லை மாற்ற, கழிப்பறையைக் கழுவ, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆண்டுதோறும் பணம் வேண்டும். அந்தத் தொகை பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் இதைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

உங்கள் ஊரில் கடைத்தெரு வேலை வரப்போகிறது என்று காதில் விழுந்தால், அலுவலகத்தில் மனுப் போட்டு விரிவான திட்ட அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த ஏரியா சபை எந்தத் தேதி, எந்த இடம் என்று கவுன்சிலரிடம் விசாரியுங்கள். சாதாரணமாகச் சபை கூடுவது ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. போகும்போது நடைபாதையை அளந்த கணக்கும், மரங்களின் பட்டியலும், கடை வாசலில் எண்ணிய தாளும் கையில் இருக்கட்டும். கூட்டத்துக்கு வர முடியாத காய்கறிக்காரரையும் முந்தின நாளே பார்த்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பேசியதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் கலையும் முன் பார்த்து, அதற்கு ஒரு நகல் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நகலைப் படித்து, ஒவ்வொன்றாக என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.